காளவாசல் மாடியில் கொடுத்த ஃபைல்

போன செவ்வாய்க்கிழமை காளவாசலில் ஒரு மாடிப்படி ஏறினோம். மேலே, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் கதவில் பூட்டு. போர்டைக் கழற்றிய இடத்தில் நாலு ஆணித் துளைகள்.

கீழே செல்போன் கடைக்காரரிடம் விசாரித்தோம்.

"அவுக காலி பண்ணிப் பத்து நாளாச்சுண்ணே. உங்களுக்கு முன்னாடியும் எம்புட்டோ பேரு வந்து பாத்துட்டுப் போயிட்டாக" என்றார்.

என்னோடு வந்தவள் மெர்சி. எங்கள் தெருவில் குடியிருக்கும் நர்ஸ். தனியார் ஆஸ்பத்திரியில் சொற்பச் சம்பளம். அவளுடைய அத்தனை ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அந்த ஏஜென்சிக்காரனிடம்தான் இருக்கின்றன. வியாழக்கிழமை அவளுக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. இதை விட்டால் அடுத்த அறிவிப்பு வரும்போது வயது தாண்டியிருக்கும்.

ஒரிஜினலை யாராவது கொடுப்பார்களா என்று கேட்கிறீர்களா? கொடுப்போம். வேலை தேடிப் போகிற இடத்தில் எதிரே இருப்பவர் கையை நீட்டினால், நாம் எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்துவிடுவோம். எதற்கு என்று கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு...

நாலு மாதத்துக்கு முன்னால், வெளிநாட்டு வேலைக்காக மெர்சி இரண்டு ஏஜென்சிகளைப் பார்த்தாள். முதல் ஆள் ஜெராக்ஸை மட்டும் புரட்டினார். "ஐ.சி.யூ. அனுபவம் பத்தாதும்மா. இப்பப் போனா வீட்டு வேலையில தள்ளிருவாங்க. ஒரு வருசம் கழிச்சு வாங்க" என்றார். மருந்துக்கும் சிரிக்கவில்லை. இந்த மனுஷனெல்லாம் எதற்குக் கடை விரித்திருக்கிறார் என்று கிண்டலடித்தது — வேறு யார், நான்தான்.

இரண்டாவது ஏஜென்சி இந்தக் காளவாசல் மாடி. "எனக்கு நாலு கேள்வி கேக்கத் தெரியாதுண்ணே. நீங்க கூட வாங்க" என்றாள் மெர்சி. போனேன்.

அந்த ஆள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "சார், பத்திரிகையில நீங்க எழுதுற பத்திய வாராவாரம் படிக்கிறேன்."

அவ்வளவுதான், நான் காலி. எந்த ஆஸ்பத்திரி? இதுவரை யாரை அனுப்பியிருக்கிறீர்கள்? அவர்களில் ஒருவரிடம் போனில் பேசலாமா? ஒரிஜினல் எதற்கு? ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. வந்த காபியைக் குடித்தேன். மெர்சி ஃபைலைக் கொடுத்தாள். "கன்ஃபர்ம் மேடம்" என்றான்.

நல்ல ஏஜென்ட் மூஞ்சியில் அடித்த மாதிரி 'இல்லை' என்கிறார். நமக்கு அவரைப் பிடிப்பதில்லை. வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

போலீஸில் கொடுத்த புகாரின் ரசீதோடு வியாழக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனோம். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"டூப்ளிகேட் வாங்க எத்தன நாளாகும்மா?"

"மூணு மாசம் ஆகும்கிறாங்க சார்."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சொன்னது இவ்வளவுதான்:

"ஃபைலக் குடுக்கும்போது ஒரு தடவ உங்க மூஞ்சியப் பாத்தேண்ணே. நீங்க ஒண்ணும் சொல்லல. அதான் குடுத்துட்டேன்."