கதவிடுக்கில் நீண்ட கை

பாளையங்கோட்டையில் வக்கீலாக இருந்த எனக்கு, பத்திரங்களுக்கு முத்திரை வைத்துச் சான்றளிக்கும் நோட்டரி ஆகவேண்டும் என்று தீராத ஏக்கம். தொழில் அனுபவமும் ஊர்ப் பெரியவர்களின் நற்சான்றுகளும் வேண்டும் என்றார்கள். எல்லாம் சேர்த்து, சென்னப்பட்டணத்துக்கு அனுப்ப மனுவும் எழுதி வைத்திருந்தேன். பித்தளை முத்திரை கனவில்கூட வந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பெரிய வீட்டு விதவை. முந்தைய மாதம் அவள் தன் வயலைக் கொழுந்தனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தில் நான்தான் சாட்சி. துக்க வீட்டுப் பெண் அந்நிய ஆண் முன்னால் வரமாட்டாள் என்று கொழுந்தன் சொன்னதால், கதவிடுக்கில் ஒரு கை மட்டும் நீண்டு பெருவிரல் ரேகை வைத்தது. அவளே என் முன்னிலையில் வைத்தாள் என்று கையெழுத்திட்டேன்.

"அது கொழுந்தன் பொண்டாட்டி கை, வக்கீலய்யா. எனக்கு எழுதத் தெரியும். நான் எதுக்கு ரேகை வைக்கப் போறேன்? நீங்க மொகத்தைப் பாத்தியளா?"

பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னால் என் மனு அவ்வளவுதான். "என் நோட்டரி மனு பட்டணம் போய்ச் சேரட்டும், ஒரு மாசம் பொறும்மா" என்றேன். வெட்கமாக இருக்கிறது. அப்படித்தான் சொன்னேன்.

"பொறுத்துக்கிடுதேன் அய்யா. ஆனா அதுக்குள்ள அவிய வயல்ல கதிரை அறுத்துருவாவ" என்றாள் பைய. அந்தக் குரலில் கோபமே இல்லை.

மறுநாளே அவளுக்காக வழக்குப் போட்டு, கோர்ட்டில் உள்ளதைச் சொன்னேன். அறுப்புக்குத் தடை கிடைத்தது. பிறகு வயலும் அவளுக்கே ஆயிற்று. முகம் பார்க்காமல் சாட்சி போட்டவன் என்று, எனக்கு நற்சான்று கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மனு இன்னும் பெட்டியில் கிடக்கிறது. செய்தது சரி என்று தெரிந்தும் ஆசை விடவில்லை. எங்காவது முத்திரை குத்தும் சத்தம் கேட்டால், இன்றைக்கும் என் கால்கள் நின்றுவிடுகின்றன.