மூன்றாம் டிராக்கில் முனியம்மா

1. மதியச் சாப்பாடு

சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹெட்போன் மாட்டியிருப்பவனிடம் யாரும் பேச மாட்டார்கள். கேமராமேனுக்கு டீ வரும், டைரக்டருக்கு நாற்காலி வரும். நாம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூலையில் நிற்போம். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஓசூரில் ஒற்றை அறையில் பல வருடமாக இருக்கிறேன். பதிவு ஓடுகிறது என்று சொல்லும் ‘ரோலிங்’ என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் பேசாமல் அறைக்குத் திரும்பிய நாட்கள் உண்டு.

அன்றைய ஷூட்டிங் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில். தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி ஆலைக்காரர்களே எடுக்கச் சொன்ன படம். ஆறு பேருக்கு ஆளுக்கொரு காலர் மைக். என்னிடம் இருந்தது எட்டு டிராக் போர்ட்டபிள் ரெக்கார்டர். ஒவ்வொரு மைக்கும் தனித்தனி டிராக்கில் ஏறும். மூன்றாவது டிராக்கில் முனியம்மா. வேப்பனப்பள்ளியிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி. “மூடி போடாம நாங்க மெஷினத் தொடவே மாட்டோம்” என்று, கூழ் அரைக்கும் மெஷினின் பாதுகாப்பு மூடியைப் பற்றிக் கேமராவைப் பார்த்துத் திக்காமல் சொன்னார். டைரக்டர் கட் சொன்னதும் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மைக்கைக் கழற்றி மறுபடி மாட்ட நேரமாகும் என்று அப்படியே விட்டோம்.

நான் ஸ்டாப்பை அழுத்தி, ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. அவர்கள் சாப்பிடுவதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம், குழம்பு மாற்றிக்கொள்வது, மருமகளைத் திட்டுவது. நானும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதுபோல இருந்தது. வெட்கக்கேடுதான். ஸ்டாப்பை அழுத்தினாலும் ஹெட்போனில் எல்லாம் கேட்கும். பேச்சு சுவாரசியத்தில் அழுத்தவே மறந்துபோனேன்.

முனியம்மா, பக்கத்தில் தன் மைக்கோடு உட்கார்ந்திருந்த இன்னொரு தொழிலாளி சரோஜாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மூடி போட்டா பழம் சிக்கிக்குதுடி, லோடு முடியறதில்ல. கழட்டுன்னு சூப்பர்வைசரே சொல்றாரு. மைக்குல எப்படிப் புளுகினேன் பாத்தியா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் குரல் தணிந்தது.

“அந்த சவுண்டுக்கார அண்ணன் தனியா நிக்கறாரு பாரு. சாப்ட்டாரோ இல்லியோ.”

கொஞ்ச நேரத்தில் தட்டோடு என் முன்னால் வந்து நின்றார். “இந்தாங்கண்ணா. களி திம்பீங்களா?”

தின்றேன். அன்றைக்கு என்னிடம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

2. இறக்கிய ஃபேடர்

சாயங்காலம் ஆலையின் எச்.ஆர். மேனேஜர் வந்தார். “மூடியப் பத்தி அந்தம்மா பேசினத கொஞ்சம் போடுங்க சார், கேப்போம்” என்றார். ஹெட்போனை அவரிடம் கொடுத்துவிட்டு ஃபைலைத் திறந்தேன். நீளம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டியது. சாப்பாட்டு நேரப் பேச்சும் அதில் ஏறியிருந்தது.

பேட்டி ஓடி முடிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. சாப்பாட்டுச் சத்தம் ஆரம்பித்தது. முனியம்மா டிராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மூன்றாவது ஃபேடரை மெல்லக் கீழே இறக்கினேன். அது மட்டும் போதாது. பக்கத்தில் இருந்த சரோஜாவின் மைக்கிலும் முனியம்மா குரல் விழுந்திருக்கும். அதையும் இறக்கினேன். மற்ற நான்கு பேர் பேச்சும் சிரிப்பும் மட்டும் அவர் காதுக்குப் போயிற்று.

“பரவால்லியே, ஜாலியாத்தான் இருக்காங்க” என்று ஹெட்போனைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். பிளேபேக்கில் ஃபேடரை இறக்கினால் கேட்கிறவர் காதுக்கு மட்டும்தான் மறையும், மெமரி கார்டில் எல்லா டிராக்கும் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியாததில்லை. ஃபைலை அழித்தால் முனியம்மா பேட்டியும் சேர்ந்து போய்விடும், டைரக்டர் என்னைச் சும்மா விடமாட்டார். யார் உட்கார்ந்து ஒவ்வொரு டிராக்காகக் கேட்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் டைரக்டரிடம் கார்டைக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தப்படி ஆலைக்கும் ஒரு காப்பி போயிற்று.

கிளம்பும்போது கேட் பக்கம் முனியம்மா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். “வரட்டாண்ணா?” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

3. திரும்ப எடுத்தது

பத்து நாள் கழித்து அதே ஆலைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். முனியம்மா பேசிய வரிகளை வேறொருவர் பேச வேண்டுமாம்.

“அந்தம்மாவுக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு சார்” என்றார் மேனேஜர். வெளியே மாம்பழ லாரிகள் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றிருந்தன. மூடியைக் கழட்டச் சொன்ன சூப்பர்வைசர் மாறவில்லை.

பேசப்போவது சரோஜா. மைக் மாட்டும்போது கேட்டார்.

“இது ஆன்ல இருக்குதாண்ணா?”

“இன்னும் இல்லம்மா.”

“அன்னிக்கு அவ பேசுனத ஆபீஸ்ல கூப்ட்டு வச்சு போட்டுக் காட்டினாங்களாம். உங்க பொட்டிலருந்துதானே போச்சு?”

“ஆமா. நிறுத்த மறந்துட்டேன்.”

“மறக்கறது மனுசனுக்குச் சகஜம். அது உள்ளாற இருக்குதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “அன்னிக்குச் சாயங்காலமே.”

சரோஜா என் முகத்தையே பார்த்தார். “அப்ப கேட் பக்கம் நின்னாளே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அவளே முன்னாடி போயி பேசியிருப்பா. இல்ல வேற எடமாச்சும் பாத்திருப்பா. ஒண்ணுமே தெரியாமப் போயி அவங்க முன்னாடி நின்னாண்ணா.”

 டைரக்டர் ரெடியா என்று கத்தினார். நான் ரோலிங் என்றேன். சரோஜா மூடியைப் பற்றிய அந்த வரியை ஒரே டேக்கில் சொல்லி முடித்தார்.

முனியம்மா எந்த ஊரில், என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்துப் போய் நிற்கவும் தைரியம் வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஸ்டாப் பட்டனைத்தான் பாடமாக எடுத்துக்கொள்வார்கள். அது சின்னப் பாடம். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டால், கேட்டுவிட்டேன் என்று அன்றைக்கே அந்த ஆளிடம் சொல்லிவிட வேண்டும். நான் இப்போது சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு அவர்கள் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை. மைக் மாட்டும்போதே சாப்பாட்டு நேரத்தில் கழற்றிவிடுவேன் என்றும் சொல்கிறேன். மதியம் ஹெட்போனை எல்லோர் கண்ணிலும் படும்படி டேபிள் மேல் வைத்துவிட்டு உட்காருகிறேன். எதிர்ப்பக்கம் அவர்கள் எதற்கோ சிரிக்கிறார்கள். எதற்கு என்று தெரியாமலே என் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறேன்.