கறுப்புக் காருக்கு ஒரு சரம் மல்லிகை

எனக்குக் கோபம் வந்தால் வாய் வராது. காது சூடாகும், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். கடைக்காரர் நான் கேட்டதை விட்டு வேறு சாமானைக் கட்டித் தந்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வருகிறவள். அப்படிப்பட்ட நான் போன ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில், அத்தனை சனத்துக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒரு மனுசனோடு கதைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. வெட்கத்தால் இல்லை.

கொழும்பிலிருந்து பழைய கார்க்காரர்கள் வருகிறார்கள், துறைமுகப் பக்கம் போகிற கடைத்தெருவைப் பூட்டிவிட்டு இரண்டு பக்கத்திலும் கார்களை நிறுத்திக் காட்டப்போகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

"அண்ணை, உங்கட அந்தக் காலத்துக் கார் மாதிரிக் கறுப்பு ஏ ஃபோட்டி ஒண்டும் வருதாம்."

என் மனுசன் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவருக்கு ஒரு கால் இழுக்கும். கண்ணில் வெள்ளை படர்ந்து, கிட்ட உள்ளதுதான் தெரியும்.

அவர் ஒரு காலத்தில் ஹயர், வாடகைக் கார், ஓடியவர். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்னம் துறையடிக்கும், கந்தளாய்க்கும், பிள்ளைப்பேற்றுக்காரிகளை ஆசுபத்திரிக்கும் ஏற்றிப் போனது அந்தக் கறுப்புக் கார்தான். காலையில் காரைக் கழுவி, முன்மூடியில் ஒரு சரம் மல்லிகை வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிய பிறகுதான் ஸ்டார்ட் எடுப்பார். பூ வைக்காமல் ஒரு நாளும் ஓடியதில்லை. சரம் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைப்பது என் வேலை.

ஒரு விடியற்காலை, அவர் காரைக் கழுவ வாளியோடு போன நேரத்தில், கலவரத்தில் ஊர் பற்றிக்கொண்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது தெருவோடு சேர்ந்து காரும் எரிந்து இரும்பாய்க் கிடந்தது. தப்பிக் கிடந்த குசினி அடுப்படியில் ஈரத்துணி காய்ந்து, பூ கருகிப்போய் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு ஊரார் வான்களை எத்தனையோ வருசம் ஓடினார். ஒன்றுக்கும் பூ வைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேர், ஒரு சரம் கட்டித் தாறீரோ?"

"ஆரோ ஒருத்தரின்ர காருக்கோ?"

"ஆரின்ர எண்டால் என்ன. கார் எரிஞ்ச அண்டைக்கு வைக்காத பூ ஒண்டு கிடக்கெல்லே."

எனக்குச் சனக்கூட்டம் பிடிக்காது. இருந்தாலும் கட்டினேன். எங்கள் பாலையூற்று வீட்டிலிருந்து ஓட்டோவில் போனோம்.

தெருவில் நிற்க இடமில்லை. ஒருவர் ஒலிபெருக்கியில் "எங்கள் பாரம்பரியம், எங்கள் பாரம்பரியம்" என்று கத்திக்கொண்டிருந்தார். கறுப்புக் காரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. முகம் பார்க்கலாம் போல மினுக்கியிருந்தார்கள். கயிற்றுக்குள் புதுசாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடி படம் எடுத்துக்கொண்டு நின்றது. மணப்பெண்ணின் கையிலிருந்த துணிப் பூங்கொத்தைக் காரின் சொந்தக்காரரே வாங்கி முன்மூடியில் வைத்து, "கொஞ்சம் சாய்ச்சு வைப்பம், அப்பத்தான் படத்துல நல்லா விழும்" என்று சிரித்தார். நாற்பது வயது மதிக்கலாம், கையில் மஞ்சள் துணி.

சோடி போனதும் என் மனுசன் கயிற்றுக்கு மேலால் குனிந்து, சரத்தை மெதுவாக முன்மூடியில் வைத்தார். விரலால் காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அவ்வளவு நாளும் இழுத்த கால் அந்த நேரம் நேராக நின்றது போல எனக்குத் தெரிந்தது.

சொந்தக்காரர் அடுத்த பக்கத்தால் ஓடிவந்தார்.

"ஹலோ, ஹலோ, என்ன பெரியவரே இது? ஈரப் பூவைக் கொண்டாந்து பெயிண்ட்ல போடுறீங்க? இப்ப ஜட்ஜ்மார் பரிசுக்குப் பாக்க வாற நேரம்."

இரண்டு விரலால் சரத்தைத் தூக்கினார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. தெருவோரச் சாக்கடைக் கானடியில் எறிந்தார். பூ இருந்த இடத்தை மஞ்சள் துணியால் அழுத்தித் துடைத்தார்.

"இது கோயில் இல்ல."

பக்கத்தில் நின்ற ஒருவன், "ஐயா காருக்குக் கலியாணம் செய்துவைக்க வந்தவர் போலை" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மனுசன் கையைக் கட்டிக்கொண்டு, "மன்னியுங்கோ சேர். தெரியாமல் வைச்சிட்டன்" என்றார். மகனின் வயதுகூட இல்லாத ஒருவனுக்குச் 'சேர்' மரியாதை. தெரியாமலாம். முதல் நாள் பின்னேரம் பூக் கட்டும்போது பக்கத்தில் இருந்து, நெருக்கமாய்க் கட்டும், நெருக்கமாய்க் கட்டும் என்று என் கழுத்தை அறுத்த மனுசன்.

"தம்பி, அந்தப் பூவை எடுத்துத் தாங்கோ."

அது என் குரல்தான் என்று எனக்கே பிடிபடக் கொஞ்ச நேரம் சுணங்கியது.

"என்னம்மா?"

"நீங்கள் எறிஞ்ச பூ. எடுத்துத் தாங்கோ."

"அது ஊத்தையாப் போச்சும்மா. வேற வாங்கிக்கங்க."

"நாங்கள் வைக்கேக்கை ஊத்தையில்லை. நீங்கள்தான் கானடியிலை போட்டனீங்கள். அந்தப் பிள்ளையின்ர துணிப் பூவைச் சாய்ச்சு வைச்சுப் படம் எடுத்தியள், காருக்கு ஒண்டும் நடக்கேல்லை. என்ர பூ என்ன செய்தது?"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கி மட்டும் பாரம்பரியத்தை விடவில்லை. இரும்புக் கடை வாசலில் தொப்பியோடு நின்ற முதலாளி ஒருவர், "எடுத்துக் குடுங்க தம்பி. மனிசி கேக்குதில்ல" என்றார்.

கார்க்காரர் குனிந்து எடுத்தார். முகம் சிவந்திருந்தது. நான் வாங்கி, முந்தானையால் மண்ணைத் துடைத்து, முதல் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

"அம்மா, ப்ளீஸ்."

"கிடக்கட்டும்."

என் மனுசன் சீலையைப் பிடித்து இழுத்தார். "வாரும் போவம். நாலு சனத்துக்கு முன்னாலை ஏன் சண்டை?"

"நீங்கள் கதையாதேங்கோ. சேர் எண்டு கும்பிட்டது காணும்."

அவருக்குச் சுட்டிருக்கும். சுடட்டும் என்றுதான் சொன்னேன். அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். பிறகு கால் இழுபடுகிற சத்தம் கேட்டு நின்றேன்.

தெரு முடிகிற முடக்கில் அவரும் நின்றார்.

"இஞ்சேர், எனக்குத் தெரியேல்லை. ஒருக்காப் பாரும். பூ இருக்கோ?"

திரும்பிப் பார்த்தேன். முன்மூடி வெறுமையாய் மினுங்கியது. மஞ்சள் துணி அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு வெளியே, தெருவில், வெள்ளையாய் என்னவோ சப்பாத்துகளுக்குக் கீழே கிடந்தது.

"ஓம். இருக்கு."

"வடிவாய் இருக்கோ?"

"வடிவாய் இருக்கு."

"அப்ப சரி" என்றார்.

ஓட்டோவில் வரும்போது அவர் ஓட்டோக்காரரோடு கந்தளாய் றோட்டைப் பற்றி நல்ல சந்தோசமாய்க் கதைத்துக்கொண்டு வந்தார். நான் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தேன். திறந்திருந்தால், ஓட்டோவைத் திருப்பச் சொல்லித் திரும்பவும் அந்தக் காரடிக்குப் போயிருப்பேன்.