புகை வராத வண்டி

எங்கள் தெருவில் முதன்முதலாக மொபெட் ஓட்டிய பெண் என் அத்தைதான். பெரியப்பாவுக்கு அது சுத்தமாகச் செரிக்கவில்லை. பீங்கான் பட்டறையில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த தங்கை, அந்த வேலையை விட்டுவிட்டுப் பொம்மைகளை வாங்கி ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடக் கிளம்பியதும், ஒரு நிபந்தனை வைத்தார்.

"வழியில எங்கயாச்சும் நின்னுச்சுன்னா, அன்னிக்கே வண்டிய வித்துடணும்."

"நிக்காதுண்ணே" என்றாள் அத்தை.

முதல் பயணம் ஸ்ரீமுஷ்ணத்துக்கு. அன்றைக்கென்று பெரியப்பா தாமே வண்டியை எடுத்துப் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார். மனசு இளகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பொம்மைப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். எப்போதும் கூடவே வரும் புகையைக் காணோம்.

"அத்த, இன்னிக்கு வண்டி பொகையே வுடல!" என்று பெருமையாகக் கத்தினேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. பாதி வழியில் கிறீச்சென்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. பெடல் அசைய மறுத்தது. எஞ்சின் பக்கம் கை கொண்டுபோக முடியாத சூடு. அத்தை டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும்; புகை வருவதே அந்த ஆயில் எரிவதால்தான். உள்ளே இருந்ததோ வெறும் பெட்ரோல்.

"எண்ண தடவாத கல்லுல தோச ஊத்துனா ஒட்டிக்கும்ல? உள்ள பிஸ்டன் சூடேறி அப்பிடித்தான் புடிச்சிக்கிட்டிருக்குது."

"பெரியப்பா மறந்துட்டாரு போல" என்றேன். அவரும் பல வருஷமாக அதே மாதிரி வண்டிதான் ஓட்டுகிறார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மினி லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, வண்டியை ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விடவா என்று கேட்டார்.

"வேணாங்க. ஓட்டிக்கிட்டு வந்தேன், ஓட்டிக்கிட்டே போவேன்."

எனக்கு அழுகை வந்தது. சூடு ஆறும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அத்தை பக்கத்துக் கடையில் ஆயில் வாங்கி வந்தாள். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கொஞ்சம் விட்டாள், மீதியை டேங்கில் தாராளமாகவே ஊற்றினாள். பெடலை மெல்ல மெல்ல அமுக்க, பிடித்த சனி விட்டது.

கடைகளுக்குப் பொம்மை போட்டுவிட்டு வீடு திரும்பினோம். வாசலில் காத்திருந்த பெரியப்பா பேயைக் கண்டவர் போல முழித்தார்.

"எங்கயும் நிக்கலியா?"

"நின்னா என்னாண்ணே? தள்ளிக்கிட்டா வந்தேன்? வண்டிய விக்கறதா இல்ல."

சொல்லிவிட்டு அத்தை இறங்காமலே வண்டியைத் திருப்பி, அதன் பின்பக்கம் அவரைப் பார்க்கும்படி நிறுத்தி, ஆக்சிலேட்டரை முறுக்கினாள். நீலப் புகை வாசலை அடைத்தது. இருமி இருமிப் பெரியப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆசையாகப் பெட்ரோல் போட்டுத் தந்த மனுஷர் மூஞ்சியில் இப்படிப் புகை விடலாமா என்று, அன்றைக்கு முழுக்க நான் அத்தையோடு பேசவே இல்லை.