கண் மூடும் பாவைப்பிள்ளை

பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளைக்குக் கொடுக்கலாமென்று கிளிநொச்சிச் சந்தையில் பழைய சாமான்களுக்குள் எடுத்த பாவைப்பிள்ளையின் முகத்தில் இருந்த பேனை மைக் கீறல்களை, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மணம் என்னைச் சின்ன வயதில் இருந்த முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் என் சிநேகிதி சுபைதா வீடு. முன்னால் கடை, பின்னால் வீடு. மண்ணெண்ணெய்ப் பீப்பாவும் புதுச் சீத்தைத் துணியும் சேர்ந்து மணக்க, கடற்காற்றில் தகரக் கூரை படபடக்க, மத்தியானம் முழுவதும் சாக்கின் மேல் உட்கார்ந்து அவளுடைய கண் மூடித் திறக்கும் பாவைப்பிள்ளையை மாறி மாறித் தாலாட்டுவோம். ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம், அந்தக் கண் எப்படி மூடுகிறதென்று பார்க்க விரலால் அமத்தினேன். இரண்டும் தலைக்குள் விழுந்துவிட்டன. சீலைத் துண்டால் முகத்தை மூடி அவளிடம் நீட்டினேன்.

"நித்திரை கொள்ளுது, எழுப்பிப்போடாதை."

அவள் அதை நம்பி, சத்தம் வராமல் நடந்து உள்ளே கொண்டுபோனாள். பின்னேரம் உம்மா அவளை அடிக்கும் சத்தம் கேட்டது. "நான் உடைக்கேல்லை உம்மா" என்று அவள் அழுதாள். நான் வேலியோடு நின்று வாய் திறக்கவில்லை. மறுநாளும் அவள் என்னை விளையாடக் கூப்பிட்டாள். என்னில் ஒரு சந்தேகமும் அவளுக்கு வரவில்லை. பிறகு அவர்கள் இடம்பெயர்ந்து போனார்கள். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது வெறும் மணல்.

இந்தப் பாவைப்பிள்ளைக்கும் ஒரு கண் இல்லை. கறுப்புப் பொத்தான் ஒன்றை நான் அங்கே ஒட்டிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து என் முழங்காலில் சாய்ந்தாள்.

"ஆர் ஆச்சி இதின்ரை கண்ணைப் புடுங்கினது?"

"நான்தான், பிள்ளை."

"அடி வாங்கினனீங்களோ?"

"எனக்கு அடி விழேல்லை" என்றேன்.