பெரியம்மா தூங்கிய காட்சிகள்

தொடரில் அவளுக்கு ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஆனால் ஸ்டுடியோவில் லைட் தூக்குகிறவர் முதல் தயாரிப்பாளர் வரை எல்லாருக்கும் அவள் பெரியம்மாதான். மூன்று மகன்களையும் ஒரு பெரிய வீட்டையும் பார்வையாலேயே கட்டி ஆளும் மூத்தவளாக நடித்தாள். அவள் புருவத்தைத் தூக்கினால் போதும், மருமகளாக நடிக்கிற பெண் வசனத்தை மறந்து நிஜமாகவே எச்சில் விழுங்குவாள்.

தொடர் ஆரம்பித்த காலத்தில் ஸ்டுடியோவுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அப்புறம் ஊரில் கணவருக்குக் கண் போனது. அச்சகத்தில் ஆயுசு முழுக்க எழுத்தைப் பார்த்தே பிழைத்த மனுஷர். ஒரு கண்ணில் திரை விழுந்தது போல ஆரம்பித்து, இரண்டிலும் நரம்பு பட்டுப்போய், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிற அளவில் வந்து நின்றது. அவரைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை முயன்று பார்த்தாள். வந்த அன்றைக்கே குளியலறைக் கதவு என்று நினைத்து மாடிப்படிக் கதவைத் திறந்து காலை வைத்துவிட்டார். கைப்பிடி கையில் சிக்கியதால் தப்பினார்.

“அந்த வீட்ல செவுரு எங்க இருக்குன்னு என் தோளுக்குத் தெரியும். இங்க நான் தொலைஞ்சுபோன சாமான் மாதிரி இருக்கேன். என்னைக் கொண்டுபோய் விட்டுடு,” என்றார்.

கொண்டுபோய் விட்டாள். அறையையும் காலி செய்தாள். மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. அவள் இல்லாத நேரமெல்லாம் அவரைப் பார்க்க ஆள் வேண்டும். அன்றிலிருந்து பெரியம்மா ரயிலில் வந்துபோகும் நடிகையானாள். ஒரு தடவைக்கு ஆறு மணி நேரம். அதுவும் ரயில் மனசு வைத்தால்.

ரயில் மனசு வைக்காத நாட்களைச் சமாளிப்பது கதாசிரியரின் தலையில் விழுந்தது. ஒல்லி மனிதர். இடுப்புப் பட்டையில் தானே ஆணியால் ஓட்டை போட்டு இறுக்கிக்கொள்வார். முதல் தடவை பெரியம்மா வராதபோது கதையில் அவளைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்து, போனில் பேசவிட்டார். அடுத்த தடவை கோபத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாக எழுதினார். மகன்கள் மூன்று பேரும் மூடிய கதவிடம் கெஞ்சினார்கள். உள்ளேயிருந்து முன்பே பதிவு செய்த குரல் பதில் சொன்னது. அதற்கடுத்து, அவளுடைய சாம்பல் நிறச் சால்வையை வேறொருத்தி போர்த்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றாள்.

“இந்த சீரியலுக்கு நிஜமான கதாசிரியர் ஸ்டேஷன் மாஸ்டர்தான்யா,” என்று எடிட்டர் கிண்டலடிப்பார்.

பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. மூடிய கதவு அவர்களுக்குப் பிடித்துப்போனது. பெரியம்மா உள்ளே என்னதான் செய்கிறாள், யாரை ஒளித்துவைத்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. சேனலில் இருந்தே ஆள் வந்து, கதவுக் காட்சியைக் கூட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். கதவை எத்தனை நாள் மூடிவைப்பது? கதாசிரியர் ஒருநாள் பெரியம்மா சாப்பிடுகிற இடத்துக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

“பெரியம்மா, உங்களைப் படியில உருட்டி விட்டுடலாம்னு இருக்கேன்.”

“உருட்டு. எங்க போய் விழுவேன்?”

“ஆஸ்பத்திரில. நினைவு இல்லாம படுத்துக்கிடப்பீங்க. கண்ணை மூடிட்டுப் படுத்தா போதும். ஒரு தடவை வந்தீங்கன்னா ரொம்ப நாளைக்கு வேண்டியதை எடுத்து வச்சுக்குவோம். உங்களுக்கும் அலைச்சல் குறையும்.”

“வசனம்?”

“கிடையாது.”

“என் வாயை அடைக்க இத்தனை வருஷமா வழி தேடிட்டு இருந்திருக்கே நீ,” என்று சிரித்தாள் அவள்.

ஸ்டுடியோவின் பின்பக்கம் பழைய சாமான் கொட்டகையைக் காலி செய்து ஆஸ்பத்திரி அறை போட்டார்கள். சுவர் பலகை, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வானம் துணியில் வரைந்தது, தலைமாட்டில் இருந்த மெஷின் ஒரு பல்பு வைத்த வெறும் பெட்டி. கட்டில் மட்டும் நிஜம். மூடிப்போன ஒரு நர்சிங்ஹோமில் இருந்து வாங்கிவந்தது. அந்தக் கட்டிலில் எத்தனை பேர் கண்ணை மூடினார்களோ என்று மேக்கப் போடுகிற பெண் முணுமுணுத்தாள். பெரியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் விளக்கு போட்டுச் சரிசெய்வதற்குள்ளேயே தூங்கிவிட்டாள். ரயிலில் உட்கார்ந்த மேனிக்கே வருகிறவளுக்கு அங்கே தூக்கம் கிடையாது. வீட்டில் படுத்தாலும் ஒரு காது கணவரின் காலடிச் சத்தத்திலேயே இருக்கும். அவளிடம் யாரும் எதையும் கேட்காத ஒரே இடம் அந்தப் பொய் ஆஸ்பத்திரிதான். டைரக்டர் “கட்” சொன்ன பிறகும் எழவில்லை. சரி தூங்கட்டும் என்று எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள்.

டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். “இப்படி யாராலயும் நடிக்க முடியாது. மூச்சுச் சத்தத்தை அப்படியே எடுத்துக்கோங்க. மியூசிக் வேண்டாம்,” என்றார்.

அதற்குப் பிறகு அவள் வருவது தூங்குவதற்கு என்றே ஆனது. வருவாள், ஆஸ்பத்திரி உடையை மாட்டுவாள், படுப்பாள். சுற்றி நின்று மகன்கள் அழுவார்கள், மருமகள் சதி செய்வாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தூக்கம் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டே போனது. ஆரம்பத்தில் தோளைத் தொட்டால் விழிப்பாள். அப்புறம் தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் கண்ணைத் திறந்து, நர்ஸாக நடிக்கிற பெண்ணிடம், “எந்த ஸ்டேஷன் வந்திருக்கு?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டாள்.

அடுத்த முறை, படப்பிடிப்பு முடிந்து எழுந்தவளுக்கு முகத்தைத் துடைத்து உதட்டுச் சாயம் சரிசெய்தாள் மேக்கப் பெண். கோடு கோணலாகப் போனது. துடைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

“வாயைக் கொஞ்சம் நேரா வைங்கம்மா.”

“நேராத்தானே வச்சிருக்கேன்.”

கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது நன்றாகவே பேசினாள், நன்றாகவே நடந்தாள். ஊரில் இருந்த நாட்களில் இடது கையிலிருந்து ஒரு தட்டு நழுவி விழுந்தது. கையை உதறிவிட்டு, “ரயில் ஜன்னல் கம்பில கையை வச்சே தூங்கிட்டேன் போல, மரத்துப்போச்சு,” என்றாள். மகள் நம்பினாள். அப்பா அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

பெரியம்மா விடிகாலையில் மறுபடி ரயிலேறிய அன்று சாயங்காலம், வழக்கம்போல அப்பாவும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அவருக்குப் பார்க்க முடியாது. குரலைக் கேட்பதற்காக உட்காருவார். தொடரில் மனைவி கோமாவில் விழுந்த பிறகு கேட்பதற்குக் குரலும் இல்லை. ஆனாலும் உட்காருவார். அன்று ஓடியது, போன தடவை எடுத்த காட்சி. மருமகள் வசனம் பேசி முடித்து வெளியே போய்விட்டாள். அறையில் பெரியம்மா மட்டும்.

“சத்தத்தைக் கூட்டு,” என்றார்.

“யாரும் பேசலையேப்பா.”

“கூட்டு சொல்றேன்.”

கூட்டினாள். வீட்டுக்குள் அம்மாவின் மூச்சு நிறைந்தது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“இது உங்கம்மா மூச்சு இல்ல.”

“டப்பிங் கொடுத்திருப்பாங்க.”

“அவளோடதுதான். ஆனா அவளுக்கு மூச்சு இப்படி வராது. ஒரு பக்கமா வருது பாரு. கன்னத்தைத் தட்டிட்டு வெளிய போகுது. அவ முகம் எப்படி இருக்கு? பார்த்துச் சொல்லு.”

அதுவரை மகள் பார்த்துக்கொண்டிருந்தது நடிப்பை. இப்போதுதான் அம்மாவைப் பார்த்தாள். வாயின் இடது ஓரம் கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கன்னம் மட்டும் உப்பி உப்பி அமுங்கியது. மருந்துக்கடைக்கு வரும் சிலருடைய முகத்தில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

“அப்பா, இது போன தடவை எடுத்தது.”

“தெரியும். அப்புறம்தான் தட்டு விழுந்துச்சு. நீ கடைக்குப் போனப்போ இன்னொண்ணும் விழுந்துச்சு. எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா.” அவர் எழுந்து நின்றுவிட்டார். “போனைப் போடு.”

அம்மாவின் போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாம் தடவையும் எடுக்காததால் ஸ்டுடியோ மேனேஜரைக் கூப்பிட்டாள்.

“பெரியம்மா ஷாட்ல இருக்காங்கம்மா. முடிஞ்சதும் பேசச் சொல்றேன்,” என்றார் அவர், தணிந்த குரலில்.

“அவங்களை எழுப்புங்க சார்.”

“டேக் போயிட்டிருக்கு. நல்லாத் தூங்குறாங்க, பாவம்.”

“சார், அவங்க தூங்கல. எழுப்புங்க.”

மேனேஜர் அந்தக் குரலைக் கேட்டு என்ன நினைத்தாரோ, போனைக் காதிலிருந்து எடுக்காமலே கொட்டகைக்குள் நடந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் பெண்ணுக்குக் கையைக் காட்டினார். அவள் தோளைத் தொட்டாள், பிடித்தாள், உலுக்கினாள். தலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடியது. பிறகு வலது கண் திறந்தது. இடது கண் பாதியோடு நின்றது. பெரியம்மா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வந்தது சொல் இல்லை.

மருமகளாக நடிக்கிற பெண், கதையைத்தான் மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்து, கதவருகே இருந்து ஓடிவந்து, “அத்தை கண் திறந்துட்டாங்க, அத்தை கண் திறந்துட்டாங்க,” என்று வசனம் பேசினாள். இரண்டாம் தடவை சொல்லும்போதே அவள் குரல் உடைந்துபோனது. பெரியம்மாவின் வாயிலிருந்து எச்சில் வழிந்து தலையணை நனைந்துகொண்டிருந்தது. டைரக்டர் “கட்” சொல்ல மறந்துவிட்டார்.

வாசலில் படப்பிடிப்புக்காக வைத்திருந்த ஆம்புலன்ஸ் நின்றது. அதற்கு விளக்கு உண்டு, உள்ளே இன்ஜின் கிடையாது. சாப்பாட்டு வண்டியில் பாத்திரங்களைக் கீழே இறக்கிவிட்டு அவளைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். நர்ஸ் பெண் உடை மாற்ற நேரமில்லாமல் கூடவே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் அவளை உண்மையான நர்ஸ் என்று நினைத்து எல்லாக் கேள்வியையும் அவளிடமே கேட்டார்கள். எப்போதிலிருந்து நினைவில்லை என்று கேட்டார்கள். கொஞ்ச காலமாகவே, என்றாள்.

“முன்னாடியே ஒரு ஸ்ட்ரோக் வந்து தட்டிட்டுப் போயிருக்கு. யாரும் கவனிக்கல. இது அடுத்தது,” என்றார் டாக்டர்.

பிழைத்தாள். இடது கை, இடது கால், பாதி முகம் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வார்டில் மேலே ஒரு டிவி இருந்தது. முன்பு எடுத்து வைத்த காட்சிகள் தீராததால் தொடர் தடையில்லாமல் ஓடியது. ஒரு சாயங்காலம் தரை துடைக்கிற அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மேலே கட்டிலில் பெரியம்மா. கீழே கட்டிலில் பெரியம்மா. அதே நிறத்தில் போர்வை. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் டிவியை அணைத்தாள். யாரும் போடச் சொல்லவில்லை.

கணவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அதே ரயிலில் வந்துசேர்ந்தார். கட்டில் எங்கே என்று கேட்டு, கையால் முகத்தைத் தேடி, இறங்கிப்போன வாயோரத்தில் கட்டைவிரலை வைத்தார். ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை.

“கூட்டிட்டுப் போயிடலாம்,” என்றார் மகளிடம்.

வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்க ஆரம்பித்த சமயத்தில் கதாசிரியர் பார்க்க வந்தார். அந்த ரயிலில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“சொல்லு,” என்றாள் பெரியம்மா. இப்போது அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத்தான் வரும்.

“கேமராவை இங்கயே அனுப்புறேங்கறாங்க. நீங்க எங்கயும் வர வேண்டாம். படுத்திருந்தா போதும்னு சொல்றாங்க.” அவர் தரையைப் பார்த்துப் பேசினார். “இல்லன்னா வேற முகம் போடுவாங்க.”

அடுத்த அறையிலிருந்து கணவர், “எழுந்து போகச் சொல்லு அந்த ஆளை,” என்றார்.

பெரியம்மா கையைக் காட்டி அமர்த்தினாள். பிறகு, கண் தெரியாதவருக்குப் போய்க் கையைக் காட்டினோமே என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு முகத்தின் ஒரு பாதியில் மட்டும் வந்தது. கதாசிரியரால் அதைப் பார்க்க முடியவில்லை.

“இன்னொண்ணு இருக்கு,” என்றார் அவர். “அன்னைக்கு நீங்க கண் திறந்தது. கேமரால பதிவாகியிருக்கு. சேனல்ல அதைக் கேக்குறாங்க. அழிச்சிட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“அழிச்சிட்டியா?”

“எடிட்டிங் ரூம்ல இருக்கு.”

வெளியே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள்.

“என்னை சாகடிச்சிடு,” என்றாள். “ஆனா அதை வச்சு சாகடிக்காதே.”

அவர் ஒத்துக்கொண்டார். சொன்னபடியே செய்தார். பழைய தூக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, அறைக்கு வெளியே டாக்டரை நிறுத்தித் தலையசைக்கவைத்து, முடித்துவிட்டார். அது ஓடிய அன்று வீட்டில் மூன்று பேரும் டிவி போடவில்லை. மறுநாள் உடற்பயிற்சி செய்விக்கிற இடத்தில் ஒரு பெண் பெரியம்மாவைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுவிட்டாள். பெரியம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, “எனக்கு ஒண்ணுமில்லம்மா,” என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

கதாசிரியர் அதற்குப் பிறகு அந்தத் தொடரில் இல்லை. தானாகப் போனாரா, போகச் சொன்னார்களா தெரியாது. போன் போட்டால் எடுப்பதில்லை. கண் திறந்த அந்தக் காட்சி யார் கையில் இருக்கிறது என்பதும் தெரியாது. தொடருக்குப் பெரிய விழா எடுக்கப்போவதாகவும், இதுவரை யாரும் பார்க்காத காட்சிகளைக் காட்டப்போவதாகவும் இப்போது அந்தச் சேனலில் அடிக்கடி சொல்கிறார்கள். பெரியம்மா கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாள். கணவர் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மகள் கடைக்குப் போகும்போது ரிமோட்டைத் தன் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறாள்.