ஸ்வெட்டருக்குள் கரையாத ஐஸ்

காக்ஸ் டவுனில் நான் அறிவியல் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் ஓர் எரிமலை வெடிக்கும். தெர்மகோலில் மலை, உள்ளே ஒரு பாட்டில், சமையல் சோடா, வினிகர், சிவப்புச் சாயம். செய்தவர்கள் ஐந்தாம் வகுப்பு என்று அட்டையில் எழுதியிருக்கும். உண்மையில் செய்தது யாரென்று அப்பாக்களின் விரல் நகங்களில் ஒட்டியிருக்கும் பசையைப் பார்த்தால் தெரிந்துவிடும். நுரை பொங்கும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். ஏன் பொங்கியது என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளையை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அது விழிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கூத்தை ஒழிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு போன வருடம் ஒருவர் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர்க்காரர். பல வருடங்கள் மென்பொருள் கம்பெனியில் இருந்தவர். அதைவிட்டு வெளியே வந்ததும் எங்கள் நிர்வாகம் அவரைக் கல்வி ஆலோசகர் ஆக்கிவிட்டது. பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, தம் வீட்டிலும் ஒன்று உண்டு என்பது மட்டும்தான். வந்த முதல் வாரமே ஆசிரியர்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார். பதினான்கு கட்டங்கள். அதில் 'எதிர்பார்க்கும் முடிவு' ஒன்று, 'கிடைத்த முடிவு' ஒன்று. பெற்றோர் வந்து பார்க்கும் நாளுக்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு சோதனை செய்துகாட்ட வேண்டும்; படிவத்தை ஒரு வாரம் முன்பே முழுக்க நிரப்பித் தந்துவிட வேண்டும்.

"கிடைச்ச முடிவை எப்படி சார் முன்னாடியே எழுதறது? இன்னும் செய்யவே இல்லையே" என்றேன்.

"பேரண்ட்ஸ் முன்னாடி நடக்கறதுங்க மேடம். சர்ப்ரைஸ் எதுவும் வந்துரக் கூடாது. ரெண்டு கட்டமும் மேட்ச் ஆகோணும், அவ்வளவுதானுங்க."

நான் முதலில் சொன்னது பொம்மைக் கார் சோதனை. சாய்த்து வைத்த பலகையிலிருந்து காரை விட்டால் வழவழப்பான தரையில் எவ்வளவு தூரம் ஓடும், கால்மிதி மேல் எவ்வளவு தூரம் ஓடும் என்று பிள்ளைகள் அளந்து பார்ப்பது. கார் வளைந்து நெளிந்து ஓடினால் வீடியோவில் நன்றாக இருக்காது என்று அதைத் தள்ளிவிட்டார். இரண்டாவதாக ஐஸ் சோதனையைச் சொன்னேன். மூன்று ஐஸ் கட்டிகள். ஒன்றைத் தட்டில் சும்மா வைப்பது, ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றுவது, ஒன்றைக் கம்பளி ஸ்வெட்டரில் சுற்றுவது. எது முதலில் கரையும்?

"சூப்பருங்க. ஸ்வெட்டர்ல இருக்கறதுதான் முதல்ல கரையும். ஸ்வெட்டர் சூடு இல்லீங்களா? அதையே எழுதிருங்க."

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஸ்வெட்டருக்கென்று சொந்தமாகச் சூடு எதுவும் கிடையாது, உடம்பின் சூட்டை வெளியே விடாதது போலவே அறையின் சூட்டையும் அது உள்ளே விடாது என்று அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெற்றோர் நிறைந்த அறையில் மனிதர் அசடு வழிய நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவர் சொன்னதை அப்படியே இரண்டு கட்டங்களிலும் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கையொப்பமும் போட்டுக் கொடுத்தேன்.

அந்த நாளும் வந்தது. முடிவைப் படிக்க என் வகுப்பில் ஜோகுபாளையத்திலிருந்து வரும் ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். நல்ல கணீர்க் குரல். எது படிப்பதானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் எழுதிய முடிவை ஆலோசகர் பெரிய எழுத்தில், கீழே என் பெயரும் போட்டு அச்சடித்து அவள் கையில் கொடுத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துப் பிரித்தார்கள். தட்டில் வெறும் தண்ணீர். கைக்குட்டையில் புளியங்கொட்டை அளவு மிச்சம். ஸ்வெட்டரில் இருந்தது ஓரம் மட்டும் மழுங்கி, ஏறக்குறைய முழுசாக இருந்தது.

நான் ஆலோசகரின் முகத்தைப் பார்த்தேன். அவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இடது கையில் ஸ்வெட்டரை ஏந்தி, அதன் நடுவே ஐஸ் பளபளக்க, வலது கையிலிருந்த தாளை ஆங்கிலத்தில் ஒரு பிசிறு இல்லாமல் படித்தாள்: ஸ்வெட்டரில் சுற்றிய ஐஸ்தான் முதலில் கரைந்தது, ஏனென்றால் ஸ்வெட்டர் சூடு தருகிறது.

கைதட்டல் எழுந்தது. ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் "தும்பா சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சிக்கொண்டார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வந்திருந்த ஓர் அப்பா, தாமே கண்டுபிடித்ததைப் போலத் தலையை ஆட்டினார். அத்தனை படித்தவர்களில் ஒருவர்கூட அவளுடைய இடது கையைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். திறந்தால், அதை எழுதியது யார் என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கும். மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் அவளைக் கூப்பிட்டேன்.

"கையில ஐஸ் இருந்துச்சே, பாத்தியா நீ?"

"பாத்தேன் மிஸ். கரையவே இல்ல."

"அப்புறம் ஏன் கரைஞ்சுதுன்னு படிச்ச?"

"நீங்கதானே மிஸ் எழுதினீங்க." கொஞ்சம் தயங்கினாள். "நான் என்னோட ஐஸ்தான் தப்புன்னு நெனச்சிக்கிட்டேன்."

அதுவரை அந்த மனிதர் மீது மட்டுமே இருந்த இளப்பம் அந்த நொடியில் என் மீதே திரும்பியது. தெர்மகோல் மலை செய்த அப்பாக்கள்கூட ஒரு பிள்ளையைத் தன் கண்ணையே சந்தேகப்பட வைத்ததில்லை. அதை நான் செய்திருக்கிறேன், அதுவும் அழகான கையெழுத்தில்.

"ஐஸ் சரிதான். நான்தான் தப்புன்னு தெரிஞ்சே எழுதினேன்" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். "ஏன் மிஸ்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஒருத்தர் மேல கோவம்" என்றேன்.

பிறகு அவர்களையே திட்டமிடச் சொன்னேன். மூன்று வகுப்புகள் அதிலேயே போயின. ஐஸ் கட்டிகள் ஒரே அளவா என்று ஒருத்தி கேட்டாள். இருமல் மருந்து மூடியால் தண்ணீரை அளந்து உறைய வைக்கலாம் என்றாள் ஜோகுபாளையத்துக்காரி. நடுநடுவே பிரித்துப் பார்த்தால் கணக்கு கெட்டுவிடாதா என்று பெரிய சண்டை. கடைசியில் நான்கு குழுக்கள் செய்தன. மூன்றில் ஸ்வெட்டர் ஐஸ்தான் கடைசிவரை நின்றது. நான்காவதில் அது சீக்கிரமே கரைந்துவிட்டது. விசாரித்துப் பார்த்தால், பத்திரமாக இருக்கட்டும் என்று ஒருவன் அந்தப் பொட்டலத்தைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பதினான்கு கட்டங்களில் இதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

ஆலோசகரிடமும் போய்ச் சொன்னேன், அவர் சொன்னது தப்பு என்றும், தெரிந்தே நான் எழுதினேன் என்றும். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"அட விடுங்க மேடம், அது வெறும் டெமோ. ரிசல்ட்டா முக்கியம்? ஃபீட்பேக் பிரமாதமா வந்துருக்குங்க" என்றார்.

வருடக் கடைசியில் சந்தாபுராவில் எங்களுடையதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. அன்று எடுத்த வீடியோவைத்தான் அங்கே காட்டினாராம். அதில் கரையாத ஐஸ் தெள்ளத் தெளிவாகத் தெரிகிறது. அங்கேயும் கைதட்டியிருப்பார்கள்.

அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்பு. நான் சொல்லும் எதையும் அவள் சும்மா ஒத்துக்கொள்வதில்லை. போன வாரம், கனமான புத்தகமும் சின்ன அழிப்பானும் ஒன்றாகத்தான் தரையைத் தொடும் என்றேன். "நெஜமாவா மிஸ்?" என்று முறைத்துவிட்டு, இரண்டையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். கீழே ஐந்து பேர் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போட்டாள். ஒன்றாக விழுந்தது என்று மூன்று பேர், இல்லை என்று இரண்டு பேர். அவள் இரண்டையும் ஒரே நேரத்தில் விடவில்லை என்று ஒருத்தி குற்றம் சாட்டினாள். புத்தகத்தின் முதுகு பிய்ந்துவிட்டது. வேறு புத்தகம் கேட்டார்கள். என் மேசையில் இருந்த பாடப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.